சொல் கரையும் இடம்: முகில் ராப் இசையும் முத்துக்குளித்துறையின் அம்பாப் பாடல்களும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ராப் பாடல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடல் வரிகளை எழுத்துப் பனுவலாகக் கொண்டே பொருள் காண்கின்றன. சொல்லின் தெளிவை வேண்டுமென்றே கைவிட்டு ஒலிக்குள் அமிழ்ந்து நிற்கும் 'கிளவுட் ராப்' என்னும் இணையவழிப் பிறந்த இசைவகையை இம்முறை கொண்டு அணுக இயலாது. தூத்துக்குடிக் கடற்கரையின் அம்பாப் பாடல்கள் அச்சேறியபோதும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. தொல்காப்பிய இடையியல் வகுத்துள்ள 'இசைநிறை' என்னும் கருத்தைக் கருவியாகக் கொண்டு இவ்விரண்டையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமைக்கே முதன்மை தருகிறது.

திறவுச் சொற்கள்: முகில் ராப், அம்பா, இசைநிறை, நெய்தல், தூத்துக்குடி, புலம்பெயர் இசை

முன்னுரை

ஒரு பாடலைக் கேட்டு, அதன் சொற்களை எழுதிக்கொண்டு, பின் அவ்வெழுத்தை ஆராய்வது தமிழ்த் துறைகளில் நிலைபெற்றுவிட்ட முறை. நாட்டுப்புறப் பாடல், திரைப்பாடல், கானா, ராப் என எது ஆய்வுக்கு வந்தாலும் முதலில் அது தாளில் இறங்குகிறது. தாளில் இறங்கியதும் கருப்பொருள், உவமை, சமூகச் செய்தி, மொழிநடை என்ற தலைப்புகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. உரத்த குரலும் தெளிவான செய்தியும் கொண்ட பாடல்களுக்கு இம்முறை பெருந்தீங்கு செய்வதில்லை. சொல்லே மங்கலாகி, குரலே கருவியிசையில் கரைந்துபோகும் பாடல்கள் ஆய்வுக்கு வரும்போதுதான் முறையின் எல்லை வெளிப்படுகிறது.

அத்தகைய இசை ஒன்று 2009ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் உருவாயிற்று. அதனைக் 'கிளவுட் ராப்' என்பர். இக்கட்டுரை அதனை முகில் ராப் எனக் குறிக்கிறது. அதனை ஆராய முத்துக்குளித்துறையைத் துணைக்கு அழைப்பது வலிந்து பொருத்துவதாகத் தோன்றலாம். ஆனால் பொருள் தராத ஒலியைப் பாடலின் நடுவே வைத்து, அவ்வொலியைக் கொண்டே வேலையை நடத்திய மரபு அக்கடற்கரைக்கு உண்டு. அம்மரபை எழுதி வைத்தவர்கள் எதனை விட்டார்கள் என்று பார்த்தால், இன்றைய ராப் ஆய்வு எதனை விட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் விளங்கும்.

முகில் ராப்: தோற்றமும் இயல்பும்

கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த லில் பி என்னும் ராப் பாடகர் 2009இல் வெளியிட்ட 'ஐ'ம் காட்' என்ற பாடல் இவ்வகையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதற்கு இசையமைத்தவர் நாட்டின் மறுகோடியில், நியூஜெர்சியில் வாழ்ந்த கிளாம்ஸ் கேசினோ. இருவரும் நேரில் அறிமுகமாகாமலேயே மைஸ்பேஸ் தளத்தின் வழித் தொடர்புகொண்டு, ஒலிக்கோப்புகளை அனுப்பிப் பணியாற்றினர். இப்பாடலின் அடியில் ஓடுவது ஆங்கிலப் பாடகி இமோஜன் ஹீப் பாடிய பாடலிலிருந்து வெட்டியெடுத்த குரல். அது வெட்டப்பட்டு, மடக்கப்பட்டு, நெடிய எதிரொலியில் தோய்க்கப்பட்டிருப்பதால் அதில் சொல்லென்று பிரித்தறியக் கூடியது மிகக் குறைவு. ஒரு பெருமூச்சைப் போல அது திரும்பத் திரும்ப வருகிறது.

2011இல் மெயின் அட்ராக்ஷன்ஸ் என்னும் ஓக்லாந்து இருவர் குழுவும், நியூயார்க்கின் ஏசாப் ராக்கியும் வெளியிட்ட தொகுப்புகள் இவ்வகையைப் பரவலாக்கின. 2013இல் ஸ்டாக்ஹோமின் யங் லீன் என்ற பதின்வயது இளைஞர், தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் பாடிய பாடல்கள் யூடியூப் வழி உலகெங்கும் பரவின. தாளம் பெரும்பாலும் மெதுவானது. முழவொலி அடர்த்தியின்றி விட்டுவிட்டு வரும். குரல் பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையே தயங்கி நிற்கும். ராப் இசையின் அடிப்படைப் பெருமையாகக் கருதப்பட்ட சொற்சாதுரியம், எதுகைத் திறம், எதிராளியை வீழ்த்தும் வீறு ஆகியவை இங்குப் பின்வாங்கிவிடுகின்றன.

இவ்வகையின் இயல்பை விளக்கும் சான்று ஒன்று போதும். கிளாம்ஸ் கேசினோ பிற பாடகர்களுக்காக அமைத்த இசையை, பாடகர்களின் குரலை நீக்கி, 2011இல் 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார். அத்தொகுப்பு தன்னளவில் முழுமையான படைப்பாகவே வரவேற்கப்பட்டது. ராப் பாடலிலிருந்து ராப்பை எடுத்துவிட்ட பின்னும் ஏதோ ஒன்று குறையாமல் எஞ்சுகிறது என்றால், அப்பாடலின் பொருள் சொற்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பது தெளிவு. வரிகளை எழுதிக்கொண்டு ஆராய்பவருக்கு இங்கே கையில் கிடைப்பது மிகச் சிறுபகுதியே.

தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973இல் செயற்கைமுறையில் முத்து விளைவித்தனர். அயலான சிறு கரு ஒன்றைச் சிப்பிக்குள் வைத்தால், சிப்பி தன் பூச்சை அடுக்கடுக்காக அதன்மேல் படியவிடுகிறது. விளைந்த முத்தில் கரு கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறர் பாடலின் ஒரு துணுக்கை எடுத்து, எதிரொலி அடுக்குகளால் மூடி, மூலம் தெரியாதவாறு ஆக்கும் முகில் ராப்பின் செய்முறையை முத்து வணிகம் அறிந்த ஊருக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது.

மப்பு என்னும் சொல்

இவ்வகைக்குத் தமிழில் பெயரிட விரும்புவோர்க்கு ஒரு சொல் ஆயத்தமாகவே உள்ளது. வானம் மூட்டமாக இருப்பதை 'மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது' என்பது வழக்கு. அதே மப்பு, பேச்சு வழக்கில் குடிமயக்கத்தையும் குறிக்கும். முகிலும் மயக்கமும் ஒரே சொல்லில் கூடி நிற்பது, போதையும் கனவும் மூட்டமும் கலந்த இவ்விசைக்கு மிகவும் பொருந்துகிறது.

இணையத்தில் பரவிப் பெரும்புகழ் பெற்ற தொடக்ககாலத் தமிழ் ராப் பாடல்களுள் ஒன்றின் தலைப்பிலேயே இச்சொல் இருப்பது நகைமுரண். ஹிப்ஹாப் தமிழா குழுவின் 'க்ளப்புல மப்புல' 2011இல் யூடியூப் வழியே பரவியது. ஆனால் அப்பாடல் மப்பில் பாடப்படுவதன்று, மப்பைக் கண்டிப்பது. இளம்பெண்களின் நடை, உடை, கேளிக்கை ஆகியவற்றை இடித்துரைக்கும் அதன் குரல் தெளிவானது. தன் நிலைப்பாட்டில் ஐயமற்றது. அக்கண்டிப்பின் ஆண்மையச் சார்பு அப்போதே விவாதத்துக்கு உள்ளாயிற்று. இங்கே கருதத்தக்கது குரலின் தன்மை. இணையம் என்ற ஒரே ஊடகத்தின் வழியே ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தும், அமெரிக்க இளைஞரின் ராப் முணுமுணுப்பை நோக்கிச் சென்றது. தமிழ் இளைஞரின் ராப் மேடைப்பேச்சை நோக்கிச் சென்றது.

தமிழ் ராப்பின் அறைகூவல் குரல்

இப்போக்கு ஒரு குழுவுக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில், இளையராஜாவின் 'மடை திறந்து' பாடல் புத்துருப் பெற்றது. அங்கே மூலப்பாடல் மறைக்கப்படவில்லை. மரபுரிமை போலப் பெருமையுடன் ஏந்தப்படுகிறது. 2018இல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ராக் இசையையும் சாதி எதிர்ப்பு அரசியலுக்காக ஒன்றிணைத்தது. அக்குழுவில் முகிழ்த்த அறிவு, ஒவ்வொரு சொல்லும் கேட்பவர் செவியில் தைக்க வேண்டும் என்ற உறுதியுடன் பாடுபவர். குரல் மறுக்கப்பட்டோர் பேசும்போது தெளிவாகப் பேச விழைவது இயல்பு. அதில் குறை காண்பது அறியாமை. தெளிவை மட்டுமே பாராட்டப் பழகிய திறனாய்வைத்தான் ஐயுற வேண்டியுள்ளது.

தமிழ் ராப்பில் மூட்டம் கவியும் இடங்கள் இல்லாமல் இல்லை. அவை பெரும்பாலும் மண்ணை இழந்த குரல்களில் அமைகின்றன. இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்து, மீண்டும் இலண்டனுக்குச் சென்ற மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2010இல் வெளியிட்ட 'மாயா' தொகுப்பு இணையத்தையே தன் பொருளாகக் கொண்டது. அதன் அட்டைப்படமே யூடியூப் ஓடுபட்டைகளால் நிரம்பியது. தொடக்கப் பாடல்களில் துளைகருவிகளின் இரைச்சலும் எந்திரத் தாளமும் மோதுகின்றன. இறுதியில் வரும் 'ஸ்பேஸ்' பாடலில் அனைத்தும் அடங்கி, குரல் எடையிழந்து மிதக்கிறது. ஆங்கிலப் பாடலாயினும், ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட கலைஞர் ஒருவர் முகில் ராப்பின் உணர்வுநிலைக்கு மிக அருகில் வந்த இடம் அதுவே. அப்பாடலை முகில் ராப் என்று வகைப்படுத்துவது மிகையாகும். ஆயினும் போர் பற்றியும் அகதி வாழ்வு பற்றியும் உரக்கப் பேசியே அறியப்பட்டவர், உரக்கப் பேசாத இடத்தில் எதைச் சொல்கிறார் என்ற வினா அங்கே எழுகிறது. அவரைப் பற்றிய எழுத்துகள் அறைகூவல் பாடல்களையே சுற்றிவருவதால் அவ்வினா கேட்கப்படாமலே போகிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கக் கலைஞர் யாஞ்சனுடன் சேர்ந்து சமூக ஊடகங்களில் வெளியிட்ட 'மிருதங்கம் ராப்ஸ்' காணொளிகள் மற்றொரு வழியைக் காட்டுகின்றன. அவற்றில் மூட்டம் இல்லை; மிருதங்கச் சொற்கட்டுக்கு ஈடாக ராப்பின் அசைகள் தெறிக்கின்றன. அவ்விடத்தும் ஆங்கிலச் சொல்லின் பொருளைக் காட்டிலும் அதன் தாள மதிப்பே முன்னிற்கிறது. முகில் ராப் சொல்லைக் கரைத்துப் பொருளைத் தளர்த்துகிறது. இக்காணொளிகள் சொல்லைக் கூர்மையாக்கி அதையே செய்கின்றன.

2021இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இவ்விரு குரல்களையும் ஒரே பாடலில் எதிரெதிரே நிறுத்தியது. தீயின் குரல் வளைந்து குழைந்து செல்ல, அறிவின் குரல் நிலத்தையும் முன்னோரையும் பெயர்சொல்லி அழைக்கிறது. இடையே ஒப்பாரியின் சாயல் வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து இப்பாடல் எழுந்ததாக அறிவு கூறியுள்ளார். பாடல் குறித்துப் பின்னர் எழுந்த உரிமைப் பூசலும்கூட வரிகளை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்ற பிரிவினைக்குள்ளேயே நடந்தது. குரலின் குழைவும் ஒப்பாரியின் விம்மலும் எவருடைய ஆக்கம் என்று கேட்க அப்பிரிவினையில் இடமில்லை.

தென்பாண்டி நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களுள் பலர் கப்பலேறிய துறைகளுள் தூத்துக்குடியும் ஒன்று. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நீராவிக் கப்பல்களும், நெடுங்காலம் வரை பாய்மரத் தோணிகளும் ஓடின, 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் ஆங்கிலேயரோடு போட்டியிட்டது இவ்வழியில்தான். புலம்பெயர் தமிழரின் இன்றைய இசையில் ஒலிக்கும் இழப்புக்கு ஒரு கரை உண்டு என்றால், அக்கரைகளுள் இதுவும் ஒன்று. அக்கரையில் எழுந்த பாட்டு எத்தகையது என்பதை அடுத்து நோக்க வேண்டும்.

அம்பா: எடை தாங்கும் ஒலி

கரைவலை இழுக்கும்போதும் படகைத் தள்ளும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் மீனவர் பாடுவது அம்பா. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏலேலோ, ஐலசா போன்ற ஒலிகளால் ஏற்பர். எடுத்துக் கொடுப்பவரின் அடியில் கடவுள் வாழ்த்து, கேலி, காதல், மீன்விலை, முதலாளியின் கஞ்சத்தனம் என எதுவும் வரலாம்; அன்று தோன்றியதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்போரின் ஒலி மாறுவதில்லை. கவனிக்க வேண்டியது இதுவே: கயிறு இழுபடுவது பொருளுள்ள அடியின்போது அன்று, பொருளற்ற ஒலியின்போது. இருபது கைகளின் விசை ஒரே நொடியில் கூடுவது அந்த ஏலேலோவில்தான். பாடலின் வேலையைச் செய்வது எது என்று கேட்டால், செய்தி சொல்லும் அடியை நோக்கிக் கைகாட்ட முடியாது.

1960களில் நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல் நூல்கள் தென்மாவட்ட மக்களின் பாடல்களுக்கு ஆய்வுத்தகுதி பெற்றுத் தந்தன. உழைக்கும் மக்களின் வரலாற்றை அவர்தம் பாடல்களில் காண முடியும் என்று அவர் நிறுவியதன் பயனைப் பின்வந்த அனைவரும் நுகர்கின்றனர். அவ்வழியில் பெருகிய தொகுப்புகளிலும் பட்ட ஆய்வேடுகளிலும் ஒரு பழக்கம் வேரூன்றியது. முதல் ஓரிரு அடிகளின் இறுதியில் ஏலேலோ என அச்சிடப்படும். பிறகு அது விடப்படும். அல்லது 'ஒவ்வோர் அடியின் இறுதியிலும் சேர்த்துக்கொள்க' என்ற குறிப்பு அமையும். தாளும் மையும் மிச்சம். பொருளுள்ள அடிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, பாடல் கவிதையின் தோற்றம் பெற்றுவிடுகிறது. அதன்பின் அதில் உவமை தேடுவது எளிது. இருபது பேர் கயிறு இழுத்தனர் என்பதை அப்பக்கத்திலிருந்து எவரும் அறிய முடியாது.

முத்துக்குளிப்பு மூச்சையே முதலாகக் கொண்ட தொழில். குளிப்பவர் கல்லின் எடையால் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட அளவுக்குள் சிப்பிகளைக் கூடையில் சேர்த்துக் கயிற்றை அசைப்பார். மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுப்பார். சலாபம் நடக்கும் காலங்களில் சுறாவைக் கட்டுவதற்குக் கடற்கட்டிகள் மந்திரம் முணுமுணுத்ததை ஆங்கிலேயர் ஆவணங்கள் வியப்புடனும் சற்று ஏளனத்துடனும் பதிவு செய்துள்ளன. பிறருக்கு விளங்க வேண்டும் என்ற நோக்கமே அம்மந்திர ஒலிக்கு இல்லை. ஆயினும் அதனைக் கேளாமல் கடலில் இறங்கக் குளிப்பவர்கள் தயங்கினர். முத்துப் பார்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னல் போன்றோரின் அறிக்கைகள் சிப்பிகளின் எண்ணிக்கையையும் ஆழத்தையும் விரிவாகத் தருகின்றன. ஒலியைப் பற்றி அவற்றில் எதிர்பார்ப்பது முறையன்று.

தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். எந்திரப் படகுகள் பெருகியதும் வலை இழுக்கும் வேலையின் பெரும்பகுதி பொறிக்கு மாறிற்று. கயிற்றின் எடை கைகளிலிருந்து நீங்கிய பின் ஏலேலோ திரைப்பாடல்களில் கடற்காட்சியின் அடையாளமாக மட்டும் எஞ்சியது. அங்கே அது ஒலிப்பது இனிமையாகத்தான் இருக்கிறது, எதையும் இழுப்பதில்லை.

இசைநிறை: இலக்கணம் தரும் இடம்

பொருள் தராத ஒலியைத் தமிழ் இலக்கணம் புறக்கணித்ததில்லை. தொல்காப்பியம் இடையியலின் தொடக்கத்தில் இடைச்சொற்களை வகைப்படுத்துமிடத்து, அசைநிலைக்கும் இசைநிறைக்கும் தனித்தனி இடம் தருகிறது. செய்யுளின் ஓசையை நிறைப்பதற்கென்றே வரும் சொல் இசைநிறை. அதே நூல் எல்லாச் சொல்லும் பொருள் குறித்து வருவன என்றும் கூறுகிறது. இவ்விரு கூற்றுகளையும் பொருத்திக் காட்டுவது உரையாளர்க்கு எளிதாக இருந்திருக்க முடியாது. இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் அவ்விடத்தில் நிற்பதே இல்லை. இசைநிறை என்றால் 'பொருளற்றது, விட்டுவிடலாம்' என்று கொள்ளும் பழக்கம் வகுப்பறைகளில் நிலவுகிறது. 'நிறை' என்ற சொல்லைக் கருதினால் நேர்மாறான முடிவே கிடைக்கும். அது இல்லையெனில் ஓசையில் ஒரு குறை நிற்கும் என்பதே அப்பெயரின் குறிப்பு. அளபெடையும் அவ்வாறே, ஓசை குன்றுமிடத்து உயிர் நீள்கிறது, அந்நீட்சிக்கு எழுத்திலும் வடிவம் தரப்படுகிறது. ஏட்டில் இசையைக் குறித்துவைக்கப் பழந்தமிழ்ப் புலவர் மேற்கொண்ட அக்கறை, ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்குச் சென்ற இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்பாளரிடம் குறைந்துபோனது வியப்புக்குரியது.

இசைநிறையை விரித்துப் பொருள்கொண்டால் அம்பாவின் ஏலேலோ, தாலாட்டின் ஆராரோ, ஒப்பாரியின் விம்மல், சொற்கட்டின் தகதிமி, முகில் ராப்பில் வெட்டி மடக்கப்பட்ட குரல் ஆகிய அனைத்தையும் ஒரே வினாவின்கீழ்க் கொணரலாம்: இவ்வொலி எக்குறையை நிறைக்கிறது? அம்பாவில் நிறைக்கப்படுவது தசையின் விசை. தாலாட்டில் குழந்தையின் விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையிலான வெளி. முகில் ராப்பில் நிறைக்கப்படுவது யாது என்பதுதான் கடினம். மைஸ்பேஸ் வழியே இணைந்த இருவருக்கிடையே பொதுவான அறை இல்லை, ஊர் இல்லை, ஒருவர் பாடும்போது மற்றவர் மூச்சு விடுவது கேட்பதில்லை. நெடிய எதிரொலி என்பது பெரிய அறையொன்றின் ஒலிப்படிமம். இல்லாத அறையைக் கணினி உண்டாக்கித் தருகிறது.

எனவே வேற்றுமை ஆழமானது. அம்பாவின் பொருளற்ற ஒலி உடல்களைக் கூட்டுகிறது. முகில் ராப்பின் பொருளற்ற ஒலி, கூடியிராத உடல்களின் நடுவே கூடியிருப்பது போன்ற தோற்றத்தைப் படைக்கிறது. முன்னது எடையைத் தாங்குகிறது. பின்னது எடையை இழக்கிறது. இரண்டையும் 'நாட்டுப்புற மரபின் நவீன வடிவம்' என்று ஒரே தொடரில் அடக்குவோர் இரண்டிற்கும் நியாயம் செய்தவர் ஆகார்.

நெய்தலோடு ஒப்பிடுவதன் இடர்

கடற்கரையும் ஏக்கமும் ஒருங்கே வரும் எதனையும் நெய்தல் என்று பெயரிடும் ஆர்வம் கருத்தரங்கக் கட்டுரைகளில் மிகுதி. முகில் ராப்புக்கும் அத்தலைப்பில் ஒரு கட்டுரை வருவதற்கு அதிக காலம் ஆகாது. இரங்கல் உரிப்பொருள்; எற்பாடு சிறுபொழுது; மங்கும் ஒளி, திரும்பி வராத தலைவன், அலையோசை. எல்லாம் பொருந்துவது போலத் தோன்றும். பொருந்தாதது ஒன்று உண்டு; அதுவே முதன்மையானது. நெய்தற் பாடலில் இரங்கல் ஓரிடத்தில் நிகழ்கிறது. புன்னையும் தாழையும் நாரையும் உப்பங்கழியும் பெயர்பெற்றுத் தத்தம் இடத்தில் நிற்கின்றன. கொற்கையின் முத்து கொற்கையினதாகவே குறிக்கப்படுகிறது. தலைவியின் உள்ளம் கலங்கினும் நிலம் கலங்குவதில்லை. அந்த உறுதியே இரங்கலுக்கு அளவு தருகிறது. முகில் ராப்பில் கலங்குவது நிலமே. அப்பாடல்களில் ஊர்ப்பெயர் வரலாம், நிலம் வருவதில்லை. திணைக்கோட்பாட்டை அங்கே பொருத்த வேண்டுமாயின், முதற்பொருள் நீங்கிய பின்னும் உரிப்பொருள் எஞ்சுமா என்ற வினாவாகவே பொருத்த வேண்டும்.

கடற்கரைப் பாட்டில் சொல்லை மட்டும் கேட்பதன் விளைவைத் தமிழிலக்கியம் முன்பே காட்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி பாடிய பாடலைக் கோவலன் அவள் உள்ளத்தின் வாக்குமூலமாகக் கொள்கிறான். வேறொருவனை எண்ணிப் பாடினாள் என்று பிரிகிறான். அவள் பாடியது வரிப்பாட்டு; மரபும் பண்ணும் யாழும் கொண்டு நிகழ்ந்த கலை. அவனுக்கு அதில் கிட்டியது செய்தி மட்டுமே. காப்பியத்தின் துயரம் முழுவதும் அந்தக் கேட்டலிலிருந்து தொடங்குகிறது.

மறுப்பு ஒன்று

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பு உண்டு. 2018 மே மாதத்தில் தாமிர உருக்காலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் பதின்மூவர் உயிரிழந்த ஊர் தூத்துக்குடி. அத்தகைய ஊரை முன்வைத்து மூட்டத்தையும் முணுமுணுப்பையும் பேசுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாதா? சோஃபியா அஷ்ரஃப் 2015இல் இணையத்தில் வெளியிட்ட 'கொடைக்கானல் வோன்ட்' ராப் பாடல், பாதரச மாசு பற்றிய கோரிக்கையை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டு முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தொடர்பாக நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது. பல்லாண்டுப் போராட்டத்தின் பயன் அது என்றாலும், அப்பாடலின் பங்கு சிறிதன்று. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டதாலேயே அது பயன்பட்டது. முகில் ராப்பைக் கொண்டு எவரும் மனு எழுத முடியாது.

இம்மறுப்பை ஏற்றே ஆக வேண்டும். ஆனால் இறப்புக்குப் பின் ஒரு வீட்டில் எழும் ஒலிகளுள் மனு ஒன்று, ஒப்பாரி வேறொன்று. ஒப்பாரியில் சொல் உண்டு. சொல் முடிந்து குரல் மட்டும் நீளும் இடமும் உண்டு. பின்னதற்கு அரசியல் இல்லை என்பது, சொல்லை மட்டும் கேட்கப் பழகிய செவியின் தீர்ப்பு. முகில் ராப்பின் பெரும்பகுதி அந்த ஆழத்தை எட்டுவதில்லை என்பதும் உண்மையே; அதில் இளமைச் சோம்பலும் பொருட்பகட்டும் போதையின் சலிப்பும் மிகுதி. யங் லீனின் தொடக்கப் பாடல்களில் வணிகப் பெயர்கள் நிறைந்துள்ளன. எதிரொலி அவற்றுக்கு இல்லாத துயரத்தைக் கடனாகத் தருகிறது. 'ஐ'ம் காட்' போன்ற சில பாடல்களே தம் மூட்டத்தைத் தாமே ஈட்டியவை. சொல்லை எழுதிக்கொண்டு ஆராய்பவரால் இவ்விருவகையையும் பிரித்தறிய முடியாது. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே வறியவை.

பதிவு முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வுநெறி சார்ந்த சில தேவைகள் எழுகின்றன. அம்பாப் பாடல்களை இனி அச்சிடுவோர் ஏற்பொலியை ஒவ்வோர் அடியிலும் முழுமையாகத் தர வேண்டும். இழுவிசை விழும் இடத்தைக் குறியிட்டுக் காட்ட வேண்டும். ராப் பாடல்களை ஆராய்வோர் வரிகளோடு மூச்சு, இடைநிறுத்தம், குரலின் உயரமாற்றம், எதிரொலியின் நீளம் ஆகியவற்றையும் விவரிக்க வேண்டும். இதற்கு இசைத்துறையாரின் துணை தேவைப்படும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் உருவான கள ஆய்வு மரபு இப்பணிக்கு அடித்தளமாக அமையும். கரைவலை இழுத்து அம்பா பாடியவர்கள் முதுமை எய்திவிட்டனர் என்பதால் இதில் காலத்தாழ்வு கூடாது.

பழைய ஒலிநாடாக்களை எண்மமாக்கும்போது ஒரு சிக்கல் நேர்கிறது. கடற்கரையில் பதிந்த குரலைத் தெளிவாக்குவதற்கு இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது வழக்கம். அம்மென்பொருள் அலையோசையை இரைச்சலெனக் கொள்கிறது. அடிகளுக்கிடையே இழுப்போர் விடும் மூச்சும் ஏறத்தாழ அதே ஒலிப்பண்பு உடையதாதலால் அதுவும் சேர்ந்தே நீங்குகிறது. எஞ்சுவது எடுத்துக் கொடுப்பவரின் அடிகள். எழுதிக்கொள்வதற்கு அவை மிகத் தெளிவாகக் கேட்கின்றன.